நம்ம வால்டர்

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. பாத்திரம் கழுவும் தொட்டி ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னல் எதிரேயுள்ள பெர்னிஸ் பாராக்ளோ வீட்டைப் பார்த்தபடி இருக்கிறது. இதில் என் குற்றம் என்ன? வீட்டைக் கட்டிய மில் முதலாளியைத்தான் கேட்க வேண்டும். அவர் செத்து நூற்றைம்பது வருஷம் ஆகிறது. தனி மனுஷிக்கு இத்தனை பாத்திரம் எப்படிச் சேர்கிறது என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

பெர்னிஸ் நடத்துவது எங்கள் ஊர்ப் பேரில் ‘ஸ்கார்பெக் சங்கதி’ என்கிற வலைப்பதிவு. சம்பளம் இல்லை, விளம்பரம் இல்லை, பெரும்பாலும் நன்றியும் இல்லை. ஊர்ப் பத்திரிகை அலுவலகத்தைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். குப்பை வண்டி என்றைக்கு வரும், அந்த வாரம் எடுப்பது பச்சைக் குப்பைத் தொட்டியா பழுப்புத் தொட்டியா, எந்தத் தெருவைத் தோண்டப் போகிறார்கள், நகரசபைக் கூட்டத்தில் யார் யாரைப் பார்த்துக் கத்தினார்கள் என்பதெல்லாம் பெர்னிஸ் எழுதினால்தான் உண்டு. கூட்டத்துக்குப் பிளாஸ்கில் டீயோடு போவாள். உறுப்பினர்களே தூங்கி வழியும் இடத்தில் கடைசி வரை கண்கொட்டாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வருவாள்.

புகைப்படம் எடுப்பது அவள் புருஷன் க்ளைவ். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். சாலையில் குழி என்றால் எவ்வளவு பெரிய குழி என்று தெரிய வேண்டுமே, அதற்காகத் தன் பூட்ஸ் காலை உள்ளே விட்டுப் படம் எடுப்பான். ஊரிலுள்ள அத்தனை குழிகளுக்கும் க்ளைவின் வலது கால் பழக்கம். அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கக் கம்ப்யூட்டரும் காகிதமும் கிடப்பதால் அவன் இஸ்திரிப் பலகையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுவான். அதையும் தொட்டியடியிலிருந்து பார்த்தால் தெரியும்.

வெள்ளம் வந்த வருஷம் ஆறு கடைவீதிக்குள் புகுந்தபோது, எந்தப் பாலம் நிற்கிறது, யார் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது, யாரிடம் உலர்ந்த கம்பளி இருக்கிறது என்று இருந்த இடத்தை விட்டு அசையாமல் எழுதிப் போட்டவள் பெர்னிஸ்தான். அதை ஊர் மறக்கவில்லை. ஆனால் அதைவிட நன்றாக ஊருக்கு ஞாபகமிருப்பது பேக்கரி விஷயம்.

இந்த வருஷம் ஆகஸ்டில் பேக்கரிக் கதவு சாத்திக் கிடந்தது. பெர்னிஸ் ‘ஒரு ரொட்டியின் மறைவு’ என்று உருக்கமாக எழுதினாள். படித்தவர்கள் அழுதார்கள். சிலர் கதவடியில் பூக்கூட வைத்தார்கள். பேக்கரிக்காரரோ மகள் கல்யாணத்துக்கு வெளிநாடு போயிருந்தார். திரும்பி வந்து பூக்களைப் பார்த்ததும், தான் இல்லாத நேரத்தில் தன் குடும்பத்தில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தவறு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத் திருத்தமும் போட வேண்டும் என்பது பெர்னிஸின் கொள்கை. போட்டாள். ரோஷத்தில் கடைசியில் ஒரு வரியையும் சேர்த்துவிட்டாள்: ‘இனி இந்தத் தளத்தில் ஒரு தவறான செய்தி வருமானால் அதுவே இதன் கடைசிச் செய்தியாக இருக்கும்.’ அன்றிலிருந்து ஊரே பந்தயக் குதிரையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தத் தளத்தை விட்டால் வேறு பிள்ளை குட்டி இல்லை. க்ளைவுக்கு மேஜை திரும்பக் கிடைத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெர்னிஸ் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் வந்தேறி வந்தேறிதான். எங்கள் ஊரில் அந்தப் பட்டம் மூன்று தலைமுறைக்கு முன் கழலாது. அதனால் அவளுக்கு ஒரு பயம். ‘அவர் யார்?’ என்று யாரிடமும் கேட்க மாட்டாள். கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடும் அல்லவா?

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. மழை பெய்யவுமில்லை, நிற்கவுமில்லை. மத்தியானம் பெர்னிஸ் தெருவைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்தாள். கையில் போன்.

“மேவிஸ், இதக் கொஞ்சம் கேளேன். மேட்டுத் தெரு எட்னா த்வெயிட் அனுப்பியிருக்கா” என்று வாசித்தாள்:

“‘நம்ம வால்டரக் காணோம். காலைல தோட்டத்துல விட்டுட்டு, அடுப்புல கேக் வெச்சுட்டு வந்து பாத்தா ஆள் இல்ல. அறுபது வயசு. தலைல ஒத்த முடி கெடையாது. ரொம்ப மெதுவாத்தான் நடப்பான். காது கேக்காது. குளிரு தாங்க மாட்டான், ராத்திரி வெளிய கெடந்தா செத்தே போயிருவான். எங்கயாச்சும் மல்லாந்து கெடந்தா அவனா எந்திரிக்க முடியாது, புண்ணியமாப் போகும், திருப்பி விடுங்க.’”

“அடப் பாவமே” என்றேன்.

“வால்டர் யாரு? எட்னாவுக்குத் தம்பிதானே?”

இங்கேதான் எங்கள் ஊரின் ‘நம்ம’வைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லை நாங்கள் கண்டவர்களுக்கும் கொடுப்பதில்லை. கூடப் பிறந்தவர்களுக்கு, பெற்றதுகளுக்கு, மிஞ்சிப் போனால் அத்தை மகனுக்கு. ‘நம்ம ஷீலா’ என்றால் அக்கா தங்கை. வெறும் ‘ஷீலா’ என்றால் யாரோ. எட்னாவின் புருஷன் போய் வெகு காலம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ஆக, நம்ம வால்டர் என்றால் கூடப் பிறந்தவன். கணக்கு சரியாக இருந்தது.

“தம்பியோ அண்ணனோ” என்றேன். வந்தேறி ஒருத்தி வந்து கேட்கும்போது, இந்த மண்ணில் பிறந்தவள் தெரியாது என்று எப்படிச் சொல்வது? “பாவம், நல்ல மனுஷன்” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“ஆமாமா, நல்ல மனுஷன்” என்றாள் பெர்னிஸும் உடனே.

எட்னா வீட்டுக்குப் போன் செய்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வால்டரைத் தேடி வெளியே போயிருப்பாள். க்ளைவும் தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றான்.

“ஒரு நடை மேல போய்ப் பாத்துட்டு வந்து போடேன், கண்ணு” என்றான். அவன் எல்லோரையும் கண்ணு என்பான். எங்கள் ஊர் பஸ்ஸில் ஓட்டுபவனே டிக்கெட்டும் கொடுப்பான், அந்தப் பழக்கம்.

“போய்? ‘ஒங்க வால்டர் யாரு’ன்னு கேக்கச் சொல்றியா? ‘இத்தன வருசமா ஊரப் பத்தி எழுதறே, எங்க வால்டரத் தெரியலையா’ன்னு மேட்டுத் தெருவே கூடிச் சிரிக்கும்.”

“பேக்கரி மாதிரி ஆயிடப் போவுது.”

“க்ளைவ், இன்னும் கொஞ்ச நேரத்துல இருட்டிடும். மனுசன் செத்துட்டா அப்பறம் என்ன திருத்தம் போடறது?”

பெர்னிஸ் போட்டாள். எட்னா அனுப்பியதை அப்படியே போட்டால் கௌரவமாக இருக்காது என்று கொஞ்சம் சீர்செய்தாள். ‘ஒத்த முடி கெடையாது’ என்பது ‘வழுக்கைத் தலையர்’ ஆயிற்று. ‘திருப்பி விடுங்க’ என்பது ‘மயங்கிக் கிடந்தால் முதலுதவி முறைப்படி ஒருக்களித்துப் படுக்க வைக்கவும்’ ஆயிற்று.

பிறகு செய்திக்குக் கீழே வந்த பதில்களைப் பார்க்க வேண்டுமே. ஊரில் வால்டரைத் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. ‘போன வாரம்தான் தபால் ஆபீசில் பேசிக்கொண்டிருந்தோம், தங்கமான மனிதர்.’ ‘எங்க அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவர்.’ ‘இளம் வயதில் நன்றாகப் பாடுவார்.’ ‘என்னிடம் ஏணி வாங்கிக்கொண்டு போன வால்டர்தானே? கிடைத்தால் ஏணியைப் பற்றியும் விசாரிக்கவும்.’

சாயங்காலத்துக்குள் பாதி ஊர் தெருவில் இறங்கிவிட்டது. மலை மீட்புப் படையின் தொண்டர்கள் வந்தார்கள். ஒத்திகைக்குக் கூடியிருந்த பேண்டு வாத்தியக்காரர்கள் அப்படியே எழுந்து வந்தார்கள். டாக்சி ஓட்டும் நஸீம் தன் சகாக்களையெல்லாம் கூப்பிட்டுத் தெருத் தெருவாகப் பிரித்துவிட்டான். “வால்டர்! வால்டர்!” என்று ஆற்றங்கரை முழுக்கக் கத்தல். காது கேளாதவரை ஏன் கத்திக் கூப்பிடுகிறோம் என்று யாரோ கேட்டதற்கு, பேண்டுக்காரர்கள் கத்துவதை நிறுத்திவிட்டுக் கொம்பை எடுத்து ஊதினார்கள். அது எப்படிச் சரியாகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்கு முழங்கால் சரியில்லை. நஸீமின் வண்டியில் ஏறிக்கொண்டேன். மேட்டுத் தெருத் திருப்பத்தில் எட்னாவே எதிரே வந்தாள். மழைக்கோட்டு, ஒரு கையில் கொத்து லெட்டூஸ் கீரை, மறு கையில் செருப்பு டப்பா. மாற்றுச் செருப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறியவள். நஸீம் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அதனால் இன்றும் அவனுக்கு அவள் ‘மிஸ்’தான்.

“எவ்வளவு நல்ல ஜனங்கடா நஸீம்!” என்றாள். “நம்ம வால்டருக்காகவா இத்தன பேரு? பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு எட்டிப் பாத்தாலே பெருசுன்னு நெனச்சேன்.”

“என்ன மிஸ் இப்படிச் சொல்றீங்க? கடைசியாப் பாக்கறப்ப என்ன போட்டிருந்தாரு?”

“என்ன போட்டிருந்தானா?”

“டிரஸ்ஸு மிஸ்.”

“அவன் எதுக்குடா டிரஸ் போடறான்?”

நஸீம் எஞ்சினை நிறுத்தினான். “ஒண்ணுமே போடாமயா போயிட்டாரு? இந்தக் குளிர்லயா?”

“பொறந்ததுலேர்ந்தே அப்படித்தானே. ஒரு கிறிஸ்துமஸுக்கு நம்ம ஷீலா ஆசையாக் கம்பளில பின்னிக் குடுத்தா. கொஞ்ச நேரம் தாங்கல. உதறிட்டு சோபாவுக்கு அடில போயிப் படுத்துக்கிட்டான்.”

நஸீம் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடி வழியே மழையைப் பார்த்தேன். குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும்.

“புது ஆளுங்களப் பாத்தாக் கோவப்படுவாரா மிஸ்?”

“சேச்சே. தலைய உள்ள இழுத்துக்குவான், அவ்ளோதான். பொம்பளைங்க கால் நகத்துக்குச் செவப்புச் சாயம் பூசியிருந்தா மட்டும் கடிப்பான். ஸ்ட்ராபெரின்னு நெனப்பு.”

“சரி மிஸ்” என்றான் நஸீம், வெகு மரியாதையாக. அவள் போனதும் பெர்னிஸைக் கூப்பிட்டான். சற்று நேரத்தில் தளத்தில் இரண்டாவது செய்தி வந்தது: ‘வால்டர் உடையின்றி இருக்கக்கூடும். பெண்கள், குறிப்பாக நகச் சாயம் பூசியவர்கள், தனியாக நெருங்க வேண்டாம்.’

தேடப் போன பெண்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அதே அளவு பெண்கள் புதிதாக வந்து சேர்ந்தார்கள்.

நன்றாக இருட்டிய வேளையில் க்ளைவ்தான் கண்டுபிடித்தான். கால்வாய் மதகைத் தள்ளித் திறக்கும் நீளமான மரக்கையின் மேல் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தொப்பி மடியில், மொட்டைத் தலையில் தூறல். நல்ல கோட்டு, கழுத்தில் டை. அந்த டைதான் க்ளைவைக் குழப்பியது. யாரோ புண்ணியவான் உடை கொடுத்திருக்கிறான் என்று முடிவு செய்துகொண்டு, டார்ச்சைத் தாழ்த்தினான்.

“வால்டரா?”

அந்த மனிதர் க்ளைவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “ஆமா” என்றார்.

க்ளைவ் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டானாம். எங்கள் ஊர் ஆண்கள் கட்டிப் பிடிப்பவர்கள் அல்ல; க்ளைவ் தன் கல்யாணத்தன்றுகூடப் பெர்னிஸின் கையைப் பிடித்துக் குலுக்கியவன்.

அவர்கள் வீட்டு அடுக்களையில் அன்று நிற்க இடமில்லை. இஞ்சி கேக் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு நானும் போனேன். வெறுங்கையோடு போய் எட்டிப் பார்ப்பது நாகரிகம் இல்லை. மேஜைக் காகிதங்களை ஒதுக்கி, அந்த மனிதருக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பமும் மசித்த பட்டாணியும் வைத்திருந்தார்கள். புதினாச் சட்னியைப் பட்டாணி மேல் வழியவிட்டு, ரொம்ப நாள் சூடாகச் சாப்பிடாதவர்போலச் சாப்பிட்டார். ஆளாளுக்கு வந்து தோளைத் தட்டினார்கள்.

“நல்லா பயமுறுத்திட்டீங்க வால்டர்!”

“மன்னிச்சுக்கங்க” என்றார்.

“எங்கப்பா ஒங்களப் பத்திச் சொல்லாத நாள் இல்ல.”

“அப்படியா? ரொம்ப நல்லவரு” என்றார்.

“என் ஏணி?” என்றான் ஏணிக்காரன்.

“திருப்பிக் குடுத்துடறேன்” என்றார்.

செவிடர் என்றார்களே, எல்லாம் நன்றாகக் கேட்கிறதே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அத்தனை பேர் சந்தோஷமாக இருக்கும்போது அதையெல்லாம் யார் கேட்பது? பெர்னிஸ் நின்றபடியே மூன்றாவது செய்தியைத் தட்டினாள்: ‘வால்டர் கிடைத்தார். நலம். முழு உடையில்.’ வெளியே பேண்டுக்காரர்கள் வாழ்த்து வாசித்தார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு பெர்னிஸின் முகத்தில் ரத்தம் ஓடியதை அன்றுதான் பார்த்தேன். தேடியவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டு வீடுகளுக்குக் கலைந்தார்கள்.

அப்போதுதான் எட்னா ஓடி வந்தாள்.

“எங்க? எங்க என் கண்ணு?” அந்த மனிதரைத் தாண்டிப் போனாள். மேஜைக்கு அடியில் குனிந்தாள். அடுப்புக்குப் பின்னால் பார்த்தாள். “சூடா எங்கயும் வெக்கலியே? எதுல போட்டு வெச்சிருக்கீங்க?”

“எட்னா,” என்றாள் பெர்னிஸ், “இதோ உக்காந்திருக்காரே.”

எட்னா அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தாள். “இவரு யாரு?”

“வால்டர்.”

“வெளையாடறியா பெர்னிஸ்? நம்ம வால்டருக்கு நாலு காலு. முதுகுல ஓடு. வால்டர் ஆமை.”

க்ளைவ் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். இருட்டில் அவன் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. உள்ளே பெர்னிஸ் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“ஆமைன்னு நீ எழுதவே இல்லியே” என்றாள்.

“எதுக்கு எழுதணும்? வால்டரு ஆமைன்னு யாருக்குத் தெரியாது? நான் பள்ளிக்கூடத்துல படிக்கறப்போலேர்ந்து அவன் எங்கூட இருக்கான்!”

யாருக்குத்தான் தெரியாது என்று முணுமுணுத்தபடி நான் கேக்கை நறுக்கத் தொடங்கினேன்.

“அப்ப நீங்க யாருங்க?” என்று நஸீம் அந்த மனிதரிடம் கேட்டான்.

அவர் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “லெனர்ட். பழைய மில்லக் குடியிருப்பாக் கட்டியிருக்காங்கல்ல, அங்க மூணாவது மாடி.”

“வால்டரான்னு கேட்டப்ப ஏன் ஆமான்னீங்க?”

“நான் என்னங்க செய்யறது? மார்ச்சுல எம் பொண்டாட்டி தவறிட்டா. அதுலேர்ந்து சாயங்காலமானா அந்த மதகுலதான் உக்காந்திருப்பேன். எத்தனையோ பேரு போவாங்க வருவாங்க. இன்னைக்கு இவரு ஓடி வந்து, வால்டரான்னு கேட்டாரு. அவ்வளவு சந்தோஷமாக் கேட்டாரு. இல்லன்னு சொல்ல மனசு வரல.” முள்கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டு, “ஏணி விசயம்தான் கொஞ்சம் இக்கட்டாப் போச்சு” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. துக்கத்திலும் கோபத்திலும் எட்னாவின் குரல் கிறீச்சிட்டது. “எல்லாம் சரி. கெடைச்சாச்சுன்னு நீ போட்டதும் அத்தன பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. நம்ம வால்டரு இன்னும் வெளியதான் கெடக்கறான். குளிரு ஏறிக்கிட்டிருக்கு!”

லெனர்ட் எழுந்து தொப்பியை எடுத்தார். “டார்ச் இன்னொண்ணு இருக்கா?” என்றார்.

மிஞ்சியிருந்த நாங்கள் நஸீமின் வண்டியில் எட்னா வீட்டுத் தோட்டத்துக்குப் போனோம். வேலியோரம், பூந்தொட்டிகளுக்குப் பின்னால், தண்ணீர்ப் பீப்பாய்க்கு அடியில் எல்லாம் துழாவினோம். வேலியில் ஒரு பொந்து இருந்தது. அதைப் பார்த்து எட்னா மறுபடி அழுதாள். நாளைக்குத் திருத்தத்தோடு படம் போட வேண்டும் என்று பெர்னிஸ் சாவுக்களையோடு சொன்னாள். க்ளைவ் காமிராவை எடுத்தான். பொந்தின் பக்கத்தில் அளவுக்குக் கால் வைக்க இடம் பார்த்து, அருகிலிருந்த இலைதழை உரக்குவியலில் பூட்ஸை ஊன்றினான்.

டக் என்றது.

குவியல் உள்ளே கதகதவென்று இருந்தது. வால்டர் அதற்குள் கைகால் தலை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் தூங்குவதற்கான ஏற்பாட்டில் இருந்தான். எட்னா அவனைத் தூக்கி மார்போடு அணைத்தாள். சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருந்தான். நான் அவனை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். உண்மையாகவே நல்ல முகம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மிஞ்சிய அப்பத்தைக் கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பித் தர லெனர்ட் வந்திருந்தார். பெர்னிஸ் திருத்தத்தை எழுதி முடித்திருந்தாள். அதில் ஒரு இடத்தில் மட்டும் தயங்கிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தவன் க்ளைவ், அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாகக் காது கேட்காது.

“ஒங்க பேரு போடாம விட்டுடலாம்” என்றாளாம் பெர்னிஸ். “வால்டர் கெடைச்சாச்சுன்னு ஊரு நம்பிக்கிட்டிருக்கு. பேக்கரில ஒங்களப் பாத்தா வால்டர்னுதான் கூப்பிடுவாங்க. அது ஒங்களுக்கு நல்லா இருந்தா, நான் ஆமைய மட்டும் தனியா ஒரு செய்தியாப் போட்டுடறேன். எனக்கு இது வழக்கமில்ல. இருந்தாலும்.”

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு திருத்தத்தை விட்டுக்கொடுக்க முன்வந்தது அது ஒன்றுதான்.

லெனர்ட் திரையை வாசித்தார். “நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்திச்சு” என்றார். “காலைல பால் வாங்கப் போனேன். நாலு பேரு வணக்கம் வால்டர்னாங்க. வீட்டுக்கு வந்து ஒக்காந்தா, எம் பொண்டாட்டி என்னக் கூப்பிட்ட பேரு எங்கயோ போயிட்ட மாதிரி இருந்திச்சு.” பிறகு விரலால் திரையைத் தொட்டு, “என் குடும்பப் பேரு, ஷட்டில்வர்த்ல ஒரு எழுத்து விட்டுப் போயிருக்கு” என்றார்.

“மலைக்கு அந்தப் பக்கத்துப் பேராச்சே?” என்றாள் பெர்னிஸ்.

“ஆமா. இங்க வந்து எட்டு வருசம்தான் ஆவுது.”

திருத்தம் இப்படி வந்தது:

‘சனிக்கிழமை இத்தளத்தில் வெளியான மூன்று செய்திகளும் தவறு. வால்டர் ஓர் ஆமை. உடை அணிவது அவர் வழக்கமில்லை. அவர் காணாமல் போகவே இல்லை. தன் தோட்டத்திலேயே தூங்கப் போயிருந்தார். கால்வாய் மதகில் கிடைத்தவர் பழைய மில் குடியிருப்பைச் சேர்ந்த லெனர்ட் ஷட்டில்வர்த். மார்ச் மாதத்திலிருந்து அவரைக் காணவில்லை. அந்தச் செய்தியை இத்தளம் வெளியிடத் தவறிவிட்டது. வருந்துகிறோம். ஆகஸ்டில் சொன்ன சொல்படி இதுவே கடைசிச் செய்தி.’

கம்ப்யூட்டரின் மேல் ஒரு பாத்திரம் துடைக்கும் துணியைப் போட்டு மூடினாள், கிளிக்கூண்டை மூடுவதுபோல.

ஊர் சிரித்தது. சிரிக்காமல் இருக்குமா? ஆமையின் படத்துக்குக் கீழே, ‘இளம் வயதில் நன்றாகப் பாடுவார்’ என்று எழுதியிருந்தவரைக் கேலி பேசி ஓட ஓட விரட்டினார்கள். ஆனால் லெனர்ட் பற்றிய வரிகளுக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் ஒரு வரி போட்டிருந்தார்: ‘காலை வெள்ளை ரொட்டி, மெல்லிய துண்டு. அவர் வழக்கமாக வாங்குவது. பேரைக் கேட்டதில்லை.’

திங்கட்கிழமை மத்தியானம் பெர்னிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பார்க்கவே பயமாக இருந்தது. மேஜை கிடைத்தும் க்ளைவ் பழக்க தோஷத்தில் இஸ்திரிப் பலகையிலேயே சாப்பிட்டான். தளத்தில் மட்டும் கேள்விகள் சேர்ந்துகொண்டிருந்தன. ‘நாளைக்குப் பச்சைத் தொட்டியா, பழுப்புத் தொட்டியா?’ ‘லீவு வந்ததால் குப்பை வண்டி நாள் மாறுமா?’ ‘யாராவது சொல்லுங்களேன்.’ ‘பெர்னிஸ்?’ யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இத்தனை வருஷமாக அவள்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்?

சாயங்காலம் லெனர்ட் வந்தார். எட்னா கொடுத்தனுப்பிய இஞ்சி கேக்கைப் பலகையின் மறு முனையில் வைத்து, க்ளைவுக்கு எதிரே நின்று சாப்பிட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மெதுவாக, ஒற்றை விரலால் எதையோ தட்டினார். தளத்தில் எது வந்தாலும் ஒலிக்கும் என் போனில் டிங் என்றது.

‘பழுப்புத் தொட்டி. புதன்கிழமை. இப்படிக்கு, லெனர்ட்.’

பெர்னிஸின் தளத்தில் வேறொருவர் பதில் சொல்வதைப் பார்த்து எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எதிர் ஜன்னலில் க்ளைவ் அதைப் படித்துவிட்டுப் பெர்னிஸிடம் நீட்டுவது தெரிந்தது. அவள் படித்தாள். நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவள் வாய் அசைவதை வைத்தே என்ன சொன்னாள் என்று என்னால் சொல்ல முடியும்: “புதனா? யாரு சொன்னா புதன்னு?”

லெனர்ட் வேண்டுமென்றே தப்பாகப் போட்டாரா, உண்மையிலேயே தெரியாமல் போட்டாரா என்பது எனக்கு இன்றுவரை குழப்பமாகத்தான் இருக்கிறது. மில் குடியிருப்பின் குப்பைத் தொட்டிகளை வாசலில் கொண்டுபோய் வைப்பவரே அவர்தான் என்று பிறகு நஸீம் சொன்னான். கேட்டால் அவர் கேக்கைத்தான் பார்க்கிறார்.

பெர்னிஸ் மேஜைக்குப் போய்த் துணியை உருவினாள். நிற்காமல் தட்டினாள். என் போன் மறுபடி டிங் என்றது.

‘திருத்தம்: பச்சைத் தொட்டி. செவ்வாய்க்கிழமை. தவறுக்கு வருந்துகிறோம்.’

தெரு முழுக்கக் கதவுகள் திறந்து, பச்சைத் தொட்டிகள் கடகடவென்று வாசலுக்கு உருளத் தொடங்கின. நானும் என் தொட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிர் வீட்டு மேஜையில் காகிதங்கள் பழையபடி பரவிவிட்டன. இஸ்திரிப் பலகையில் இரண்டு தட்டுகள் இருந்தன.